பூச்சுக்கு முன்னால் பார்க்க வேண்டிய பெட்டி

போன ஐப்பசி அடைமழையின்போது பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். “ஏனுங்க தம்பி, செவுத்துல கை வெச்சா சுர்ருங்குதுங்க. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிருங்க” என்றார் அந்த வீட்டு அம்மா. போய்ப் பார்த்தால் படுக்கையறையின் மேற்குச் சுவர். வெளிப்பூச்சில் விரிசல் விட்டு மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. சுவிட்ச் போர்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு ஈரம். டெஸ்டரை அந்த ஈரத்தில் வைத்தால் மங்கலாக எரிந்தது.

மெயினை இறக்கிவிட்டு பிளேட்டைக் கழற்றினோம். சுவருக்குள் புதைத்த 6 மாடுல் தகரப் பெட்டி; ஒரு சுவிட்ச் உட்காரும் அகலம்தான் ஒரு மாடுல். அதற்குள் 14 ஒயர்கள் வைக்கோல் போரைத் திணித்த மாதிரி அடைந்து கிடந்தன. பிளேட்டைப் பிடிக்கும் திருகுகளில் ஒன்று, ஒரு சிவப்பு ஒயரின் தோலைக் கிழித்துக்கொண்டு இறங்கியிருந்தது. திருகு வழியாகப் பெட்டிக்கு மின்சாரம் வந்துவிட்டது. பெட்டியில் எர்த் கட்டவில்லை; குழாயில் வந்த பச்சை ஒயர் நேராக சாக்கெட்டின் எர்த் முனைக்குப் போய் முடிந்துவிட்டது. கோடை முழுக்கச் சுவர் காய்ந்து கிடந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஈரம் ஏறியதும் சுவரே கம்பியாகிவிட்டது. கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி அந்த வீட்டில் இல்லை.

ஒயர் நல்ல ஒயர், சுவிட்சும் நல்ல சுவிட்சுதான். கோளாறு முழுக்கப் பெட்டியில். அகலம் பத்தவில்லை, ஆழம் பத்தவில்லை, எர்த் இல்லை.

வீடு கட்டுகிறவர்கள் எந்தக் கம்பெனி ஒயர் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். பிளேட் வெள்ளையா சாம்பலா என்று குடும்பமே உட்கார்ந்து பேசுகிறது. பெட்டியைப் பற்றி மட்டும் பேச்சே வராது. எலெக்ட்ரீஷியன் எழுதிக் கொடுக்கும் சிட்டையில் ‘மெட்டல் பாக்ஸ் 6எம் 10, 8எம் 4’ என்று ஒரு வரி இருக்கும்; 6 மாடுல் பெட்டி பத்து, 8 மாடுல் பெட்டி நாலு என்று அர்த்தம். வண்டியில் போகிற பையன் கடையில் இருப்பதை வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு வருவான். ஆனால் வீட்டு ஒயரிங்கில் பின்னால் மாற்ற முடியாத சாமான் என்றால் முதலில் அதுதான். சுவிட்ச் பத்து நிமிஷத்தில் மாறும். ஒயரைக்கூடப் பழைய ஒயரின் வாலில் கட்டிக் குழாய் வழியாக இழுத்து மாற்றிவிடலாம். பெட்டியை மாற்ற வேண்டுமென்றால் பூச்சை உடைக்க வேண்டும், பட்டி பார்க்க வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். சமையலறையாக இருந்தால் டைல்ஸும் போகும். ஆகவே பெட்டியைப் பற்றிய யோசனையெல்லாம் பூச்சு வேலைக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

பழைய வீடுகளில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்த பிறகுதான் கோயமுத்தூர் மில்களுக்கு மின்சாரம் தாராளமாகக் கிடைத்தது. அப்புறம் மெல்ல மெல்ல வீடுகளுக்கும் வந்தது. அந்தக் காலத்து ஒயரிங் சுவருக்கு மேலேயே ஓடும். மரச்சட்டத்தின் மீது கிளிப் அடித்து ஒயரைக் கொண்டுபோவார்கள். முடிகிற இடத்தில் தேக்குப் பலகைப் பெட்டி, அதன்மேல் சன்மைக்கா அல்லது பேக்கலைட் தகடு, அதில் உருண்டை மூக்கு வைத்த சுவிட்சுகள். அந்தப் பெட்டி பெரியது. நாலு சுவிட்ச் இருக்கிற பெட்டிக்குள் கையை விட்டு ஒயரை விரித்துப் பார்க்கலாம். கரையான் அரிக்கும், தீ பிடித்தால் மரமும் எரியும் என்ற குறைகள் அதற்கு உண்டு. ஆனால் நெருக்கடி கிடையாது.

குழாய் சுவருக்குள் போனபோது பெட்டியும் சுவருக்குள் போனது. பிறகு மாடுலர் சுவிட்ச் வந்தது. ஒரு சுவிட்சின் அகலம் ஏறக்குறைய 22 மி.மீ.தான் என்பதால் போர்டு சட்டென்று சுருங்கிவிட்டது. அதே காலத்தில் வீட்டுக்குள் ஏசி, இன்வெர்ட்டர், இரண்டு இடத்திலிருந்து போடும் டூ வே சுவிட்ச், இன்டர்நெட் பெட்டி என்று சாமான் கூடிக்கொண்டே போனது. ஒயர் பெருகியது, பெட்டி சிறுத்தது. இன்றைக்குப் போர்டுகளில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த எதிரெதிர்ப் போக்கில்தான் ஆரம்பிக்கிறது என்பது என் அனுபவம்.

ஒரு சாதாரணப் படுக்கையறை போர்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு லைட்டுக்கு இரண்டு சுவிட்ச், ஃபேனுக்கு ஒரு சுவிட்ச், ரெகுலேட்டருக்கு 2 மாடுல், 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2 மாடுல், அதற்கு ஒரு சுவிட்ச். மொத்தம் 8. சிட்டையில் 8எம் என்று எழுதியாகிவிட்டது, சரி. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். முந்தைய போர்டிலிருந்து ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் வரும். அதே மூன்றும் அடுத்த போர்டுக்குக் கிளம்பிப் போகும். ஆக 6. லைட் இரண்டுக்கும் ஃபேனுக்கும் ஆளுக்கொரு ஃபேஸ், ஆளுக்கொரு நியூட்ரல். இன்னொரு 6. ஒவ்வொரு ஒயரிலும் கை வைத்து வேலை செய்ய அரை அடியாவது நீளம் விட வேண்டும். 12 ஒயருக்கு அரை அடி என்றால் 6 அடி ஒயர். சுவிட்சுக்குச் சுவிட்ச் பாயும் லூப்புத் துண்டுகளைச் சேர்த்தால் அதையும் தாண்டும். இத்தனையும் மடங்கி, சுவிட்சுகளின் முதுகுக்கும் பெட்டியின் அடித்தகட்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில் உட்கார வேண்டும். பெட்டியின் ஆழம் 50 மி.மீ. என்றாலும் சுவிட்சின் உடம்பே அதில் பாதியைத் தின்றுவிடும். ரெகுலேட்டரும் யுஎஸ்பி சார்ஜரும் அதைவிட அதிகம் தின்னும்.

நெருக்கிய ஒயர் சும்மா இருக்காது. மடக்கிய இடத்தில் செம்பு விறைத்துக்கொண்டு, மாட்டியிருக்கும் முனையை நாள்முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். முனைத் திருகு கொஞ்சம் தளர்ந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடும். தடை கூடினால் சூடு, சூட்டில் உலோகம் விரிந்து சுருங்கி இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடு. கிரைண்டரைப் போட்டதும் போர்டிலிருந்து ‘சிர்ர்’ என்று சத்தம் வருவதும், பிளேட்டின் ஓரம் பழுப்பேறுவதும் இதன் அடையாளங்கள். காற்று நுழைய இடமில்லாத பெட்டியில் சூடும் வெளியேறாது.

எங்கள் ஊர் வெயில் இதைக் கூட்டுகிறது. வீட்டு ஒயரின் பிவிசி உறை தாங்கக்கூடிய செம்பின் வெப்பம் 70 டிகிரி. கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரையில் நிழலிலேயே 40 டிகிரி தொடுகிறது. அப்படியானால் மின்சாரம் ஓடிச் சூடேறுவதற்கு மிச்சமிருப்பது 30 டிகிரிதான். மத்தியானம் முழுக்க வெயில் அடிக்கும் மேற்குச் சுவருக்குள் இருக்கும் பெட்டிக்கு அந்த 30உம் இல்லை. ஏசி பாயிண்ட்டும் அநேகமாக அந்தச் சுவரில்தான் வருகிறது.

அதனால் நான் பின்பற்றும் கணக்கு எளிது. எண்ணி வரும் மாடுலுக்கு ஒரு படி மேலே பெட்டி. 6 தேவைப்படும் இடத்தில் 8, 8 தேவைப்படும் இடத்தில் 12. காலி இடத்தை டம்மி என்கிற வெற்று மூடி போட்டு மூடிவிடலாம். “எதுக்குங்க ரெண்டு எடம் சும்மா கெடக்குது?” என்று வீட்டுக்காரர் கேட்பார். 2012ஐ ஒட்டிய வருஷங்களை நினைத்துப் பாருங்கள் என்பேன். நாளுக்குப் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கொங்குநாடே தவித்த காலம் அது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினோம். இன்வெர்ட்டர் லைனை எல்லா ரூமுக்கும் கொண்டுபோக வேண்டியிருந்தது. குழாயிலும் இடமில்லை, பெட்டியிலும் இடமில்லை. பூசி முடித்த நல்ல சுவரில் வெளியே கேசிங் பட்டை ஒட்டினோம். இன்னும் எத்தனையோ வீட்டு ஹாலில் அந்தப் பட்டை கோணலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்து வந்துகொண்டிருப்பது செல்போனில் இயங்கும் சுவிட்சுகள். அவற்றில் பலவற்றுக்குச் சுவிட்ச் பெட்டிக்குள்ளேயே நியூட்ரல் வேண்டும், சுவிட்சுக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி உட்கார ஆழமும் வேண்டும். இப்போதே அதற்கு இடம் விட்டுவைக்கப் பெரிய செலவு கிடையாது.

சமையலறை தனிக்கதை. கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அது இல்லாத வீடு இங்கே அபூர்வம். அதன் பக்கத்திலேயே மிக்சி, இண்டக்‌ஷன் அடுப்பு, ஓவன். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் அதற்கு ஆகாது. 16 ஆம்பியர் சாக்கெட் போட்டால் ஒயர் 2.5 அல்லது 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஆகும். தடித்த ஒயர் மடங்க இடம் கேட்கும். சமையல் மேடைக்கு மேல் வரும் பெட்டிகளை முடிந்தவரை பெரிதாகவும் ஆழமாகவும் எடுங்கள். எல்லாச் சாமானையும் ஒரே பெரிய பெட்டியில் அடைப்பதைவிட, இரண்டு பெட்டியாகப் பிரித்துத் தள்ளித் தள்ளி வைப்பது நல்லது.

சரி, தகரமா பிளாஸ்டிக்கா? இதில் ஊருக்கு ஊர் வாதம் நடக்கும். சாதாரணச் செங்கல் சுவருக்கு நான் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய தகரப் பெட்டியின் பக்கம். கலவை போட்டு இறுக்கும்போது வளையாது. திருகு பிடிக்கும் காது சட்டென்று உடையாது. உள்ளே எப்போதாவது முனை கருகித் தீப்பொறி வந்தாலும் அதற்குள்ளேயே அடங்கும். பிளாஸ்டிக் பெட்டியில் துரு இல்லை, அது மின்சாரத்தைக் கடத்தவும் செய்யாது. ஆனால் விலை குறைந்த மெல்லிய பெட்டியாக இருந்தால் கொத்தனார் ஓரத்தில் கலவையை அடித்து நிரப்பும்போது வயிறு உள்வாங்கிவிடும். அப்புறம் பிளேட் உட்காராது. பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றால் கெட்டியானதாக, தீப்பிடித்தாலும் தானாக அணைந்துவிடும் தன்மை உடையதாகப் பார்த்து எடுக்க வேண்டும். இந்தப் பெட்டிகளுக்கென்றே ஐஎஸ் 14772 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. பெட்டியிலோ அதன் அட்டையிலோ அந்த எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கின்றனவா என்று திருப்பிப் பார்க்க அரை நிமிஷம் ஆகும்.

தகரத்தில் கேஜ் கணக்கு பலரைக் குழப்புகிறது. எண் ஏற ஏறத் தகடு மெலியும். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ் சுமார் 0.9, 22 கேஜ் 0.7தான். “22 கேஜுங்க, நல்ல சாமான்” என்று கடையில் சொன்னால் பெரிய எண் என்று மயங்கி வாங்கிவிடக் கூடாது. இரண்டு கையாலும் எதிரெதிர் மூலையைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். முறுகினால் வேண்டாம். உள்ளே எர்த் கட்டுவதற்கென்று தனித் திருகு இருக்கிறதா என்றும் பாருங்கள்; அது இல்லாத பெட்டியை நான் வாங்குவதே இல்லை. குழாய் நுழையும் வட்டத் தகடுகளைத் தட்டி எடுத்தபின் ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதில் புஷ் என்கிற வழவழப்பான வளையம் போடாமல் ஒயரை இழுத்தால், இழுக்கும்போதே தோல் சீவிக்கொண்டுதான் வரும். பெருந்துறை வீட்டில் திருகு செய்த வேலையை இந்த விளிம்பும் செய்யும்.

பெட்டியும் பிளேட்டும் ஒரே கம்பெனியாக இருப்பது நல்லது. 8 மாடுல் என்று இரண்டு பேரும் எழுதியிருப்பார்கள். ஆனால் திருகுக் காதுகளின் இடைவெளி ஒன்றுக்கொன்று சில மில்லிமீட்டர் வித்தியாசப்படும். 8இல் நீளப் பெட்டி, சதுரப் பெட்டி என்று இரண்டு வகை இருப்பதும் சிட்டை எழுதும்போது மறந்துபோகும். பிளேட்டை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், ஒரு மாதிரி பிளேட்டையாவது வாங்கி வந்து பெட்டியில் பொருத்திப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

இனி சுவர். சூளைச் செங்கல், சாலிட் பிளாக், ஹாலோ பிளாக், இப்போது ஏஏசி என்கிற லேசான கல் என்று நம் பக்கம் எல்லாமே ஓடுகிறது. ஹாலோ பிளாக்கில் வெட்டினால் பாதி இடத்தில் உள்ளே வெற்றிடம். பெட்டியின் முதுகுக்குப் பிடிமானம் இருக்காது; முதலில் அந்தக் குழியைக் கலவையால் அடைத்துவிட்டுத்தான் பெட்டியை வைக்க வேண்டும். ஏஏசி கல் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். அதே காரணத்தால் வெட்டு பெரிதாகிப் பெட்டி ஆடும். சுத்தியல் உளி வேண்டாம், மெஷினில் கோடு போட்டு அளவாக எடுக்கச் சொல்லுங்கள். குழாய்க்காகச் சுவரில் காடி வெட்டிய இடத்தில் பூசும்போது கோழிவலை வைத்துப் பூசாவிட்டால், ஒரு கோடை தாண்டுவதற்குள் குழாய் போன பாதை முழுக்க மயிரிழை விரிசல் தெரியும்.

நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் நடக்கும் ஒரு தப்பைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த ரூமுக்கும் பக்கத்து ரூமுக்கும் முதுகோடு முதுகாக இரண்டு பெட்டி. சுவர் ஏறக்குறைய 110 மி.மீ., பெட்டி 50ம் 50ம் 100. நடுவில் கல் என்று ஒன்றும் மிஞ்சாது. ஒரு ரூமில் பேசுவது இன்னொரு ரூமில் கேட்கும், பிளக்கை அழுத்திச் சொருகும்போது பின்பக்கப் பூச்சு பெயரும். ஒன்றை ஓரடி தள்ளி வைத்தால் தீர்ந்தது.

பெட்டியின் வாய் பூச்சின் முகத்தோடு மட்டமாக இருக்க வேண்டும். இதை ஆயிரம் முறை சொன்னாலும் தளத்தில் தவறுகிறது, ஏனென்றால் பெட்டி வைக்கும்போது பூச்சு இருப்பதில்லை. உள்பூச்சு சுமார் 12 மி.மீ. வரும் என்று கணக்கிட்டு அந்த அளவு வெளியே நீட்டி வைக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே கனமாகப் பூச்சு வராது. ஆகவே கொத்தனாரை வைத்துக்கொண்டு, அவர் ஒட்டிய பூச்சுப் புள்ளிகளில் நூல் கட்டிப் பிடிப்பதுதான் சரி. டைல்ஸ் வரும் சுவரில் டைல்ஸும் அதன் ஒட்டுக் கலவையும் சேர்ந்து இன்னும் முன்னால் வரும். இந்தக் கணக்கை விட்டால் பெட்டி கிணறு மாதிரி உள்ளே போய்விடும். கம்பெனி கொடுத்த திருகு எட்டாது. எட்டவில்லையென்று கடையில் நீளத் திருகு வாங்கி முறுக்குவார்கள். அந்த நீளத் திருகுதான் பெருந்துறை வீட்டில் ஒயருக்குள் இறங்கியது.

பூசும்போது பெட்டியின் வாயைத் தெர்மாகோல் துண்டாலோ சிமென்ட் சாக்குக் காகிதத்தாலோ இறுக்கி அடைத்து, திருகுத் துளைகளில் கிரீஸ் தடவிய பழைய திருகு ஒன்றை முறுக்கிவிடுங்கள். தண்ணீர் விட்டுச் சுவரை ஆற வைக்கும் நாட்களில் மரை துருப்பிடிக்காது, கலவையும் அடைக்காது.

ஸ்லாப் போடும் அன்றைக்கு இருக்கும் அவசரம் எல்லோருக்கும் தெரியும். மிக்ஸர் ஓடும், ஆட்கள் கம்பிமேல் நடப்பார்கள், மேஸ்திரி கத்திக்கொண்டிருப்பார். ஃபேன் தொங்க ஸ்லாப்புக்குள் புதைக்கும் ஃபேன் பாக்ஸ் அந்த நெரிசலில் கால் பட்டு நகர்ந்துவிடும். சென்ட்ரிங் தகட்டின்மேல் அதன் இடத்தைப் பெயின்ட்டால் குறித்துவிட்டு, கம்பியோடு கட்டுக்கம்பி போட்டுக் கட்டிவிட வேண்டும். ஃபேன் தொங்கும் கொக்கிக் கம்பி பெட்டித் தகட்டில் தொங்கக் கூடாது. அதன் இரண்டு கையும் ஸ்லாப் கம்பிக்கு மேலே படுத்திருக்க வேண்டும். ஃபேனின் எடையைவிட, வருஷக்கணக்கில் அது சுற்றும்போது வரும் ஆட்டம்தான் கொக்கியைச் சோதிக்கும்.

வீட்டைத் தாண்டினால் கொங்குநாட்டில் ஒவ்வொரு தொழிலும் பெட்டிக்கு ஒரு பரீட்சை வைக்கிறது. இங்கேதான் ஐபி எண் தேவைப்படும். ஐபி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் முதல் எண் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி 55 என்றால் கெடுதல் செய்யும் அளவுக்குத் தூசு புகாது, பீய்ச்சும் தண்ணீரும் தாங்கும். ஐபி 65 என்றால் தூசு அறவே புகாது.

சோமனூர், பல்லடம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் பஞ்சு காற்றிலேயே மிதக்கிறது. திறந்த போர்டுக்குள் ஒரு மாதத்தில் வெள்ளைக் கம்பளி மாதிரிப் படிந்துவிடும். பஞ்சு சூட்டை வெளியே விடாது. பொறி பட்டால் நொடியில் பற்றும். போதாக்குறைக்குத் தறி அடிக்கும் அதிர்வில் திருகுகள் தாமாகவே தளரும். தூசும் சூடும் பொறியும் ஒரே பெட்டிக்குள் சேர்வது இப்படித்தான். ரப்பர் வாஷர் வைத்த மூடிப் பெட்டி, அதைத் தறிச் சட்டத்தில் அடிக்காமல் சுவரில் அடிப்பது, தறிக்குப் போகும் கடைசித் துண்டுக்கு வளையும் குழாய், சில மாதத்துக்கு ஒருமுறை மெயினை இறக்கி முனைகளை முறுக்கிப் பார்ப்பது. இவ்வளவுதான் வேண்டியது. பெட்டியைத் துடைக்கக் காற்றுக் குழாயைப் பிடித்து ஊதாதீர்கள், பஞ்சு இன்னும் உள்ளே போய் உட்காரும்.

திருப்பூர் சாயப்பட்டறைக்குள் பஞ்சுக்குப் பதில் உப்பு. பருத்திக்குச் சாயம் ஏற்ற உப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவிடும் தண்ணீர், ஆவியாக எழுந்து கூரையிலும் சுவரிலும் படிகிறது. ஜிஐ தகடு அங்கே சீக்கிரம் பூத்துவிடும். பாலிகார்பனேட் அல்லது கண்ணாடி இழைப் பெட்டி, துருப்பிடிக்காத எஸ்எஸ் திருகு என்று போவதுதான் அங்கே கட்டுப்படியாகும்.

நாமக்கல் கோழிப்பண்ணைகளின் எதிரி அம்மோனியா. அது செம்பையும் பித்தளையையும் தின்னும். இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் இருந்த படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. காரணம் பிடிபடாமல் வெகுகாலம் விழித்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் உறைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்று 1921இல்தான் விளங்கியது. சாக்கெட்டுக்குள்ளும், மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் எம்சிபியின் முனையிலும் இருப்பது அதே பித்தளை, இறுக்கி முறுக்கிய பித்தளை. எச்சக் குவியலுக்கு மேலே நிற்கும் கொட்டகைக்குள் சுவிட்சுகளை வைக்காமல், முடிந்தவரை வெளியே தீவன அறைப் பக்கம் கொண்டுவந்துவிடுங்கள். உள்ளே இருந்தே தீர வேண்டியவற்றுக்கு ஐபி 65.

தோட்டத்து மோட்டார் ரூமில் பெட்டியைக் கெடுப்பது பல்லியும் குளவியும் எறும்பும். தட்டி எடுத்துவிட்டுக் குழாய் விடாமல் விட்ட ஒரு ஓட்டை போதும். குளவி மண்கூடு கட்டும். ஸ்டார்ட்டர் காண்டாக்டில் பல்லி நசுங்கும். மூன்று ஃபேஸில் ஒன்று விட்டுப்போய் மோட்டார் காயில் கருகும். ஆயிரம் அடி போரிலிருந்து மோட்டாரை வெளியே எடுக்க ஆகும் கூலியை விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒயர் எப்போதும் பெட்டியின் அடிப்பக்கமாக நுழையட்டும், நுழையும் இடத்தில் ஒயரை இறுக்கிப் பிடித்து ஓட்டையை அடைக்கும் கேபிள் கிளாண்ட் போடுங்கள், மிச்ச ஓட்டையை அடையுங்கள். ஐபி 65 என்று அச்சடித்த பெட்டியின் தலையில் ட்ரில் போட்டு ஒயரை அப்படியே விட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. மழைத்தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். மொட்டைமாடி சோலார் பெட்டிகளிலும் நான் அதிகம் பார்ப்பது இந்தத் தப்பைத்தான். வெயிலில் நிற்கும் பெட்டி புறஊதாக் கதிரைத் தாங்கும் பிளாஸ்டிக்கா என்றும் கேட்டு வாங்குங்கள். சாதா பிவிசி வெயிலில் நின்றால் வெளுத்து அப்பளமாக நொறுங்கும்.

வீட்டு லைன்களெல்லாம் பிரியும், எம்சிபிகள் உட்காரும் டிபி பாக்ஸை எங்கே வைப்பது என்பதில் நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது: கண்ணில் படக்கூடாது என்று மாடிப்படித் தலைப்பு அறைக்குத் தள்ளிவிடுவது. மேலே சுடும் ஸ்லாப், பக்கத்தில் மேற்கு வெயில். எம்சிபி 30 டிகிரி சுற்றுச்சூட்டை வைத்து அளவிடப்பட்ட சாமான். சுற்றியுள்ள சூடு ஏற ஏற, எழுதியிருக்கும் ஆம்பியருக்கு முன்பே விழும். வைகாசி மத்தியானம் ஏசி எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று கூப்பிடுவார்கள்; ஏசியில் ஒன்றும் இருக்காது. விழுகிறதே என்று பெரிய எம்சிபி மாற்றிவிட்டால் ஒயருக்குக் காவல் போய்விடும். டிபியைத் தரைத்தளத்தில், நிழலான உள்சுவரில், நின்ற நிலையில் கை எட்டும் உயரத்தில் வையுங்கள். அதில் எம்சிபி மாட்டும் இடங்களில் கால் பங்கு காலியாக இருக்கட்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்கு ஒரு ஃபேஸ் என்றால் 2 மாடுல், மூன்று ஃபேஸ் என்றால் 4 மாடுல் இடம் முதலிலேயே ஒதுக்குங்கள். பெருந்துறை வீட்டில் அது இருந்திருந்தால் சுவர் சுர்ரென்பதற்குள் மெயின் விழுந்திருக்கும்.

அந்த வீட்டில் கடைசியில் என்ன செய்தோம் என்றால், பூச்சை உடைத்து 12 மாடுல் பெட்டியாக மாற்றினோம். எர்த்தை முதலில் பெட்டித் திருகில் கட்டி, அங்கிருந்து சாக்கெட்டுக்குக் கொண்டுபோனோம். உடைக்கும்போது குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் இரண்டு இடத்தில் தேவையில்லாமல் சுவரைக் கொத்த வேண்டியிருந்தது. அதிலிருந்து எந்தத் தளத்திலும் பூச்சு ஆரம்பிக்கும் முந்தின நாள் சாயங்காலம் ஒரு வேலை செய்கிறேன். ஒவ்வொரு சுவருக்கும் நேராக நின்று, பெட்டிக்குப் பக்கத்தில் டேப்பை நீட்டிப் பிடித்து, தரையிலிருந்து உயரமும் மூலையிலிருந்து தூரமும் தெரியும்படி செல்போனில் படம் எடுக்கிறேன். அறைப் பெயரை எழுதி வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுகிறேன். ஒரு பிரதியை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிபி கதவின் உட்பக்கம் ஒட்டுகிறேன்.